காலி நாற்காலியின் முன்

மனநல ஆலோசகராகப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பணிபுரியும் நான், பாத்திரமேற்றுப் பேசும் முறையைச் சரியாகக் கையாளக் கற்றுக்கொண்டது என் தவறு ஒன்றிலிருந்துதான்.

இறந்துபோன தந்தையின் மீது ஆறாத கோபத்தோடு ஒரு பெண் என்னிடம் வந்தார் (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்த அவரைக் கல்லூரிக்கு அனுப்பாமல் மணமுடித்துக் கொடுத்தவர் அந்தத் தந்தை. அதைச் சொல்லும்போது, யாருக்கோ நடந்ததைச் சொல்வது போல அவர் குரலில் ஏற்ற இறக்கமே இருக்காது. ஆனால் வீட்டில் தம் மகள் புத்தகத்தைத் திறந்தாலே காரணமில்லாமல் எரிந்து விழுந்தார். அடைபட்ட உணர்வை வெளிக்கொணரும் அவசரத்தில், “என்னை உங்கள் அப்பாவாக நினைத்துப் பேசுங்கள்” என்றேன். பேசினார், அழுதார், அடுத்த இரண்டு அமர்வுகளுக்கு வரவில்லை. பிறகு வந்தபோது, “உங்களைப் பார்த்தாலே அப்பா ஞாபகம் வருது மேடம்” என்றார். காயப்படுத்தியவரின் பாத்திரத்தை ஆலோசகரே ஏற்பது எவ்வளவு ஆபத்தானது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

அதன்பின் காலி நாற்காலியைப் பயன்படுத்தினேன்; தந்தை அதில் அமர்ந்திருப்பதாக எண்ணி, அவரிடம் பேச வேண்டும். மனநல மருத்துவர் ஜேக்கப் மொரேனோவின், மனச்சிக்கலை நடித்துப் பார்க்கும் உளநாடகத்தில் வேர்கொண்டு, ஃபிரிட்ஸ் பேர்ல்ஸின், இக்கணத்து உணர்வைக் கவனிக்கும் கெஸ்டால்ட் சிகிச்சை வழியாகப் பரவலாக அறியப்பட்ட உத்தி இது. நாற்காலியை எங்கே போடுவது என்பதை அவரிடமே விட்டேன். ஜன்னலோரம், அறையில் எவ்வளவு தள்ளிப் போட முடியுமோ அவ்வளவு தள்ளிப் போட்டார். வாழ்நாளெல்லாம் தந்தையை ‘நீங்க’ என்றே அழைத்தவர், மூன்றாம் அமர்வில், “ஏன்ப்பா என்னைப் படிக்க வைக்கல நீ?” என்று கேட்டார். அந்த ‘நீ’ வருவதற்கு மூன்று வாரங்கள் ஆயின.

பிறகு அவரையே தந்தையின் இடத்தில் அமர்ந்து, தந்தையாகப் பேசச் சொன்னேன். நெடுநேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டு, “எனக்குப் பயமா இருந்துச்சும்மா” என்றார். தந்தை உயிரோடிருக்கையில் ஒருபோதும் சொல்லாத சொல் அது. அது உண்மையா என்று நான் விசாரிக்கவில்லை. ‘பெற்றவர்கள் நல்லதுக்குத்தான் செய்வார்கள்’ என்று ஊர் சொல்வதை நானும் சொல்லிவிடக் கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருந்தேன்.

ஒவ்வொரு முறையும், பாத்திரத்திலிருந்து வெளியே வர, அவரைத் தம் இருக்கைக்குத் திரும்பச் செய்து, தம் பெயரையும் அன்றைய தேதியையும் சொல்ல வைத்து, நாற்காலியைச் சுவரோரம் ஒதுக்கிய பிறகே அமர்வை முடித்தோம். இதற்குப் பத்து நிமிடமாவது ஒதுக்காமல் நான் இம்முறையைத் தொடங்குவதே இல்லை. நம்பிக்கை உருவாகும் முன்போ, நிஜத்தையும் கற்பனையையும் பிரித்தறிய இயலாத நிலையில் இருப்பவரிடமோ இதை முயல்வதும் இல்லை.

கடைசி அமர்வில், “கோபம் இருக்கு மேடம், ஆனா அது இப்போ பொண்ணு மேல போகல” என்றார். தந்தையை மன்னித்துவிட்டாரா என்று நான் கேட்கவில்லை.