இரண்டு வருடம் கொட்டகையில் நின்ற தண்டர்பேர்ட்

ராசிபுரம் பக்கம் ஒரு வீட்டில் 2013ஆம் வருடத்து ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்ட் 350 பைக் விற்பனைக்கு இருக்கிறது என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். உடனே வண்டிக்காரருக்குப் போன் செய்து ஒரு உதவி கேட்டேன். “ஐயா, நான் வர்ற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணாம வெச்சிருங்க.” பழைய வண்டி பார்க்கப் போகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். சூடு செய்து வைத்த இன்ஜின் தன் குறைகளில் பாதியை மறைத்துக்கொள்ளும்.

தண்டர்பேர்டைத்தான் தேடினேன். 2012 கடைசியில் வந்த அந்த மாடலில் 20 லிட்டர் டேங்க், பின்னாலும் டிஸ்க் பிரேக். லிட்டருக்கு 35 கிலோமீட்டர் கொடுத்தால் போதும், நாமக்கல்லில் நிரப்பி ராமேஸ்வரம் போய்த் திரும்பிவிடலாம். 346 சிசி, ஒற்றை சிலிண்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் (ஸ்ட்ரோக்) 90 மில்லிமீட்டர். பின்னால் ஆளும் மூட்டையும் இருந்தாலும் குறைந்த வேகத்திலேயே இழுக்கும். நிமிர்ந்து உட்கார்ந்து நாள் முழுக்க ஓட்டலாம். 2020க்குப் பிறகு புது வண்டி கிடையாது, பழசாகத்தான் வாங்க வேண்டும்.

வண்டிக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். வண்டி மகனுடையது. மகன் வேலைக்கு வெளிநாடு போய் இரண்டு வருடமாகிறது. தகரக் கொட்டகையில், பழைய புடவை ஒன்றால் போர்த்தி வைத்திருந்தார். “வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விடுவேன் தம்பி, அவன் சொல்லிட்டுப் போனான்” என்றார்.

இன்ஜினில் கை வைத்தேன், சில்லென்று இருந்தது. கிக்கர் அடித்து நாலாவது உதையில் கிளம்பியது. இந்த இன்ஜினில் வால்வைத் தள்ளும் டாப்பெட், ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் வகை. ஆயில் மேலே ஏறும்வரை சில நொடிகள் டக் டக் என்று அடித்துவிட்டு அடங்க வேண்டும், அடங்கியது. பின்னால் போய்ப் புகையைப் பார்த்தேன். நீலப் புகை இல்லை. நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம், அப்புறம் சிலிண்டர் போர், பிஸ்டன் என்று செலவு நீளும். ஓடிய கணக்கு 31,000 கிலோமீட்டர். கால் வைக்கும் ரப்பரும் கியர் லீவர் ரப்பரும் அந்தக் கணக்குக்கு ஏற்ற மாதிரிதான் தேய்ந்திருந்தன. மீட்டரை மாற்றலாம், இந்தத் தேய்மானத்தை மாற்றுவது கஷ்டம்.

குறைகளும் நிறைய இருந்தன. ஆயில் மட்டம் பார்க்கும் சின்னக் கண்ணாடியில், ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் தெரிந்தது. முன் பிரேக்கைப் பிடித்து விட்டால் சக்கரம் உடனே விடுபடவில்லை. மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்பினால், நேர்கோட்டுக்கு வரும் இடத்தில் ஒரு சின்னப் பள்ளத்தில் விழுவது போல நின்றது. ஹேண்டில்பார் திரும்பும் இடத்து பேரிங், அதாவது கோன் செட், போய்விட்டது. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டும் டயர் தயாரான வாரம், அடுத்த இரண்டும் வருடம். பின் டயரில் 2216. தரையைப் பிடிக்கும் பள்ளங்கள் இன்னும் ஆழமாக இருந்தாலும் ரப்பர் வெடித்துக் கிடந்தது. பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்ததில் பாதி ஆக்ஸிலேட்டருக்கு மேல் வண்டி திணறியது, 60ஐத் தாண்டவே இல்லை.

இதைக் கேட்டால் பலரும் வேண்டாம் என்று திரும்பிவிடுவார்கள். நான் வாங்கினேன். ஓடித் தேய்ந்த வண்டி வேறு, நின்று கெட்ட வண்டி வேறு. நின்றதால் வரும் கோளாறு ரப்பரிலும் டேங்கிலும் ஆயிலிலும் பேட்டரியிலும்தான் வரும், அதையெல்லாம் மாற்றிவிடலாம். வாரம் ஐந்து நிமிடம் ஓட விட்டதை அந்தப் பெரியவர் அக்கறையோடுதான் செய்திருக்கிறார். ஆனால் ஐந்து நிமிடத்தில் இன்ஜின் முழுச்சூட்டுக்கு வருவதில்லை. உள்ளே வியர்க்கும் தண்ணீர் ஆவியாகாமல் ஆயிலில் கலக்கிறது, பேட்டரியும் இழந்ததைத் திரும்பப் பெறுவதில்லை. நிறுத்தி வைப்பதென்றால் டேங்கை நிரப்பி, பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுச் சும்மா விடுவதே மேல். எடுத்தால் அரை மணி நேரமாவது சாலையில் ஓட்ட வேண்டும்.

விலை 62,000க்கு முடிந்தது. ஒரு சாவிதான் இருந்தது. இன்னொன்று வீட்டில் எங்கோ இருக்க வேண்டும் என்றார்.

பணம் கொடுப்பதற்கு முன் ஹேண்டில்பாருக்குக் கீழே கழுத்தில் அடித்திருக்கும் சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் ஆர்சியோடு ஒத்துப் பார்த்தேன். அரசின் பரிவாகன் இணையதளத்தில் அபராதம் எதுவும் நிலுவையில் இல்லை. ஆனால் கடன் கொடுத்த வங்கியின் பெயர் ஆர்சியில் அப்படியே இருந்தது. கடன் அடைத்து பல வருடமாகியும் பெயரை எடுக்கவில்லை. வங்கியிலிருந்து தடையில்லாச் சான்றும் கையெழுத்திட்ட படிவம் 35ம் வாங்கி, அதை நீக்கிய பிறகுதான் 29, 30 படிவங்களோடு பெயர் மாற்ற முடிந்தது. இதற்கே மூன்று வாரம் போனது. வண்டி மகன் பெயரில் இருந்ததால், அவர் விடுமுறையில் ஊருக்கு வந்த சமயத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டோம். விற்பவர் ஊரில் இருக்கும்போதே இந்த வேலையை முடித்துவிடுங்கள். பதிவு 15 வருடத்துக்குத்தான், இந்த வண்டிக்கு 2028ல் முடியும், பிறகு புதுப்பிக்க வேண்டும். விலை பேசும்போது இதையும் கணக்கில் வைத்தேன்.

எங்கள் ஊரில் எந்தத் தெருவில் நின்றாலும் லாரிப் பட்டறை, லேத், வெல்டிங் சத்தம் கேட்கும். நான் வண்டியை விட்டது அப்படி ஒரு தெருமுனையில் இருக்கும் சின்னப் பட்டறையில். எனக்கு டேங்குக்குப் பெயிண்ட் அடிக்கும் ஆசை இருந்தது. பட்டறை அண்ணன் கேட்டுவிட்டுச் சொன்னார்: “தம்பி, மொதல்ல வண்டி நிக்கோணும், அப்புறம் திரும்போணும், அதுக்கப்புறம்தான் ஓடோணும். பெயிண்டெல்லாம் கடைசில பாத்துக்கலாம்ங்க.” அந்த வரிசையிலேயே வேலை நடந்தது.

முன் டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பரைக் கழற்றினால் பிஸ்டனைச் சுற்றி உப்புப் பூத்தது போல வெள்ளையாகப் படிந்திருந்தது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது, மாற்றாமல் விட்டால் உள்ளுக்குள்ளேயே அரிக்கும். பிஸ்டனைத் தேய்த்துச் சுத்தம் செய்து, சீல், பேட், மாஸ்டர் சிலிண்டர் கிட் புதிதாகப் போட்டு, பிரேக் லைனுக்குள் இருந்த காற்றை எடுத்தோம். பிறகு கோன் செட், ஃபோர்க் ஆயில் சீல், இரண்டு டயரும் டியூபும். ஆயில் மாற்றி 50 கிலோமீட்டர் ஓட்டி, சூட்டோடு வடித்து மறுபடியும் புது ஆயில் ஊற்றினோம். முதல் ஆயில் மோர் போலத்தான் வந்தது.

டேங்குக்கு, ஊற வைத்தது போக, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. பாதி காலியாக நின்ற டேங்கின் மேல்பாதி துருப்பிடித்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் பெட்ரோல் நின்ற மட்டம் வரைக்கும் பளபளப்பு, அதற்கு மேல் செம்மண் பூசியது போல. டேங்கைக் கழற்றி, ஓட்டையெல்லாம் அடைத்து, வினிகர் ஊற்றி இரண்டு நாள் வைத்தோம். பிறகு ஒரு பிடி சின்ன நட்டுகளை உள்ளே போட்டு, நானும் பட்டறை அண்ணனின் மகனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, தொட்டில் போல ஆட்டினோம். முதலில் கொட்டிய தண்ணீர் வரட்டீ நிறத்தில் வந்தது. ஆறாவது தடவைதான் தெளிந்தது. சோடா உப்புத் தண்ணீரால் அலசி, வெயிலில் உலர்த்தி, அன்றைக்கே டேங்கை நிறைத்துவிட்டோம். ஈர இரும்பு ஒரு ராத்திரி சும்மா கிடந்தால் மறுபடியும் துரு பிடித்துவிடும். நட்டுகளை எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள், ஒன்று உள்ளே தங்கினாலும் தொல்லைதான்.

எனக்கு மிகவும் பிடித்துப்போன வேலை கார்புரேட்டர். 60ஐத் தாண்டாததற்கு, பெட்ரோல் போகும் சின்னத் துளையான ஜெட் அடைப்பு என்றே நினைத்திருந்தேன். அண்ணன் மேல் மூடியைக் கழற்றி, காற்று வழியைத் திறக்கும் ஸ்லைடோடு சேர்ந்த கறுப்பு ரப்பர் சவ்வை, அதாவது டயாஃப்ரத்தை எடுத்து, வாசலில் வெயிலுக்கு நேராக உயர்த்திப் பிடித்தார். மடிப்பு ஓரத்தில் ஊசி முனையளவு வெளிச்சம், பக்கத்திலேயே அரிசி நீளத்துக்கு ஒரு கீறல். இந்த வகைக் கார்புரேட்டரில் ஆக்ஸிலேட்டர் கேபிள் ஸ்லைடை நேராகத் தூக்குவதில்லை. டயாஃப்ரத்துக்கு மேலே உண்டாகும் வெற்றிடம்தான் தூக்குகிறது. ரப்பர் கிழிந்தால் வெற்றிடம் நிற்காது, நாம் எவ்வளவு முறுக்கினாலும் ஸ்லைடு பாதியோடு நின்றுவிடும். 1,500 ரூபாய்ப் பொருள் அது. இதை அறியாமல் ஹெட்டைப் பிரித்து பிஸ்டன்வரை மாற்றியவர்கள் உண்டு என்று அண்ணன் சொன்னார். பெட்ரோல் ஹோஸையும் மாற்றிவிட்டோம். இப்போது பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, பழைய ரப்பருக்கு அது ஆகாது.

பேட்டரி சும்மா இருக்கையில் 12.1 வோல்ட் காட்டியது, செல்ஃபை அழுத்தினால் 9க்குக் கீழே விழுந்தது. பலவீனமான பேட்டரியோடு செல்ஃபை அழுத்திக்கொண்டே இருந்தால் இன்ஜின் பின்னோக்கி உதைத்து, செல்ஃப் மோட்டாரை இன்ஜினோடு இணைக்கும் ஸ்பிராக் கிளட்ச் அடிவாங்கும், அதை மாற்ற இன்ஜின் கவரையே கழற்ற வேண்டும். அதனால் புதுப் பேட்டரி வரும்வரை கிக்கர்தான். செயின் செட்டும் மாற்றினேன்.

கூலியோடு சேர்த்து 24,500 ஆனது. டயரும் செயினும் பேட்டரியுமே பாதிக்கு மேல்.

நாலு வாரம் ஊருக்குள் ஓட்டிவிட்டு, சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி போய்க் கொல்லிமலை ஏறினேன். 70 கொண்டை ஊசி வளைவுகள். பிரேக்கும் ஹேண்டிலும் சரியில்லாத வண்டியை முதல் பத்து வளைவுக்குள்ளேயே காட்டிக்கொடுத்துவிடும் பாதை. இரண்டாவது கியரிலும் மூன்றாவதிலும் மாறி மாறி, அவசரமில்லாமல் ஏறியது. சோளக்காட்டில் நிறுத்தி ஆயில் கண்ணாடியைப் பார்த்தேன், தேன் நிறம். இறங்கும்போது முன் டிஸ்க் ஒருமுறைகூடப் பிடித்துக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் ராசிபுரம் போய்ப் பெரியவரிடம் வண்டியைக் காட்டினேன். சத்தத்தைக் கேட்டே வாசலுக்கு வந்துவிட்டார். டேங்கைத் தடவிப் பார்த்தார், மூடியைத் திறக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்தார். “அப்ப நான் ஓட விட்டது தப்பாங்க தம்பி?” என்று கேட்டார். நீங்கள் போர்த்தி வைத்ததால்தான் நான் வாங்கினேன் ஐயா என்றேன். டீ குடிக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனவர், கொஞ்ச நேரம் கழித்து மகன் அறையிலிருந்து இரண்டாவது சாவியோடு வந்தார்.