ஏணியில் எந்தப் படி?

"பணக்காரர்களிடம் கூடுதல் வரி வாங்கி ஏழைகளுக்குக் கொடுக்கலாமா?" கடலூர் முதுநகரில் இப்படி நேராகக் கேட்டுக் கிடைக்கும் பதிலை அப்படியே நம்பாதீர்கள். இன்றைய வருமானம் பாதிக் காரணம்தான். நாளை எங்கே இருப்போம் என்ற எதிர்பார்ப்பு மீதி. மகன் சீக்கிரம் பெரிய சம்பளத்துக்குப் போய்விடுவான் என்று நம்புபவர், அவன் கட்டப்போகும் வரியை இன்றே எதிர்ப்பார்.

பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1973-இல், சுரங்கப்பாதைக்குள் வாகனங்கள் இரண்டு வரிசையாகச் சிக்கி நிற்கும் நெரிசலை இதற்கு உவமையாகச் சொன்னார். பக்கத்து வரிசை நகர்ந்தால் முதலில் நமக்கும் நம்பிக்கை பிறக்கும். நம் வரிசை அசையாமலே கிடந்தால் அது கோபமாகும். நெய்வேலியில் ஒப்பந்தத் தொழிலாளிக்கு நிரந்தரப் பணியாளர் பக்கத்து வரிசை.

கருத்துக்கணிப்பு எடுப்பவர்கள் பத்துப் படி ஏணியை வரைந்து காட்டுங்கள்; அடிப்படி மிக ஏழைகளுக்கு, மேல்படி பெரும் பணக்காரர்களுக்கு. இன்று எந்தப் படி, அப்பா காலத்தில் எது, பிள்ளைகளுக்கு எது என்று தனித்தனியாகக் கேளுங்கள். 'நடுத்தரமா?' என்றால் மீனவரும் டாக்டரும் தலையாட்டுவார்கள். வருமானம் கடைசிக் கேள்வியாக இருக்கட்டும். முதலிலேயே கேட்டால் மகளிர் உரிமைத்தொகை விசாரணையோ என்று குறைத்துச் சொல்வார்கள். அதன் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம், அந்தப் பயம் நியாயமானதுதான். ஏணிக் கேள்வியைப் பாதிப் பேரிடம் வரிக் கேள்விக்கு முன்பும் மீதிப் பேரிடம் பின்பும் கேளுங்கள். கேள்விகளின் வரிசையே பதிலை மாற்றும்.

அலெசினா, ஸ்டான்ச்சேவா, டெசோ என்ற பொருளியலாளர்கள் மூவரும் 2018-இல் வெளியிட்ட ஐந்து நாட்டு ஆய்வில், ஏழைகள் முன்னேறுவது கடினம் என்ற தகவல், பணக்காரர்களிடம் வாங்கி ஏழைகளுக்குக் கொடுப்பதற்கு இடதுசாரிகளின் ஆதரவைத்தான் கூட்டியது. வலதுசாரிகள் அரசையே நம்பவில்லை. எனவே 'அரசு தரும் பணம் உரியவருக்குப் போய்ச் சேருகிறதா?' என்ற கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.