வாரிசு தெரியாத நூல்களும் 31ஏ பிரிவும்

பழைய தமிழ் நூலை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றும் முன் ஆசிரியர் மறைந்த ஆண்டைத் தேடுங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் அதற்கடுத்த ஜனவரி 1 முதல் 60 ஆண்டுகள் எண்ண வேண்டும். 1965-இல் எந்த மாதம் மறைந்திருந்தாலும் 2026 ஜனவரி 1 அன்றுதான் நூல் பொதுவுக்கு வரும், அதாவது யாரும் அனுமதியின்றி வெளியிடலாம். இருவர் எழுதியிருந்தால் பின்னால் மறைந்தவரின் ஆண்டே கணக்கு. மறைவுக்குப் பின் முதன்முதலாக அச்சேறிய நூலுக்கு, வெளியான ஆண்டை வைத்து எண்ண வேண்டும்.

பலர் சறுக்குவது இதற்கப்புறம்தான். மூலநூலின் பதிப்புரிமைக் காலம் முடிந்திருக்கும். முன்னுரை எழுதியவருக்கோ அட்டை ஓவியருக்கோ முடிந்திருக்காது. நாட்டுடைமை நூல்களிலும் அப்படித்தான். அரசு வாங்கியது ஆசிரியரின் உரிமையை. பின்னாளில் ஒரு பதிப்பகம் சேர்த்த ஆய்வுக் குறிப்புகளை அல்ல. முடிந்தவரை பழைய பதிப்பையே ஸ்கேன் செய்யுங்கள்.

சரி, ஆசிரியர் எப்போது மறைந்தார், வாரிசு யார் என்று எதுவுமே தெரியாவிட்டால்? பாதுகாப்புக் காலத்தை 60-இலிருந்து பழையபடி 50 ஆக்கச் சொல்வோர் உண்டு. இந்த நூல்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது?

சட்டத்தில் வழி இருக்கிறது, 31ஏ பிரிவு. நாடு முழுக்கப் பரவலாக விற்கும் ஆங்கில நாளிதழ் ஒன்றில் அறிவிப்புக் கொடுத்துவிட்டு, அத்தகைய நூலை வெளியிடும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். முன்பு இதற்கென வாரியம் இருந்தது. 2021-இல் அதிகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. அனுமதி கிடைத்தால், நிர்ணயிக்கும் ராயல்டியை அரசுக் கணக்கில் கட்ட வேண்டும். உரிமையாளர் பின்னால் வந்து பெற்றுக்கொள்ளலாம். ராயல்டி ஏற்பாடு நியாயமானதே. அறிவிப்புதான் கேலிக்கூத்து. மொழிபெயர்ப்புக்கு விண்ணப்பித்தால் அந்த மொழி நாளிதழிலும் அறிவிக்க வேண்டும். தமிழ் நூலைத் தமிழிலேயே மறுபதிப்பிட ஆங்கில நாளிதழ் போதுமாம். கும்பகோணத்தில் இருக்கும் பேரன் அதைப் பார்ப்பாரா? நூறு பக்கக் குறுநூலுக்காக வழக்கறிஞர் வைத்து நீதிமன்றம் ஏறவும் யாருக்கும் கட்டுப்படியாகாது.

நூலகங்களின் நிலையும் அரைகுறைதான். 2012 திருத்தம், லாப நோக்கற்ற பொது நூலகம் தன்னிடமுள்ள அச்சுப் பிரதியைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்க அனுமதித்தது. வாசகருக்கு இணையத்தில் திறந்துவிட அது இடம் தரவில்லை. ஸ்கேன் செய்த கோப்பு வன்தட்டிலேயே கிடக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 ஆணை, விற்பனையில் இல்லாத நூல்களின் விவரத்தை நூலகங்கள் 6 மாதம் முன்னதாகப் பொதுத் தளத்தில் அறிவித்துவிட்டு, லாப நோக்கின்றி இணையத்தில் வெளியிட வழிசெய்தது. உரிமையாளர் எப்போது வேண்டுமானாலும் தன் நூலை விலக்கிக்கொள்ளலாம். பிரிட்டனில் 2014 முதல், உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத நூல்களுக்கு அறிவுசார் சொத்து அலுவலகமே இணையவழியில் விண்ணப்பம் வாங்கி 7 ஆண்டு வரை உரிமம் தருகிறது.

நமக்கு இவ்வளவு போதும்: அறிவிப்பு நூலின் மொழியிலும், தேடக்கூடிய பொதுத் தளத்திலும் வரட்டும். நூல் நூலாக இல்லாமல் தொகுப்பாக விண்ணப்பிக்க முடியட்டும். ஆட்சேபம் இல்லாதவற்றுக்குப் பதிப்புரிமைப் பதிவாளரே அனுமதி தரட்டும். தகராறு வந்தவை மட்டும் நீதிமன்றம் போகட்டும்.