திடீர்க் கோபத்துக்கு அரிவாள் எங்கிருந்து வந்தது?

நம் தோட்டத்து ஒட்டுக்கடைகளில் அந்தக் கொலையைப் பற்றி ஒரே பேச்சு: "பாவம், அவமானம் தாங்காமல் வெட்டிவிட்டானாம்." இப்படிச் சொன்னவர் வெட்டியதாகப் பிடிபட்டவர்; மறுத்துச் சொல்ல வேண்டியவர் வெட்டுப்பட்டு இறந்தவர், அவரைப் புதைத்துவிட்டோம்.

சண்டை நடந்தது மாலையில், கொலை இரவில். நடுவில் பிடிபட்டவர் லயத்துக்கு (தொழிலாளர் குடியிருப்புக்கு)ப் போய்ச் செம்பனை அரிவாளை எடுத்து வந்திருக்கிறார். இதுவா திடீர்க் கோபம்? என்னால் நம்ப முடியவில்லை.

மலேசியக் குற்றவியல் சட்டம் 302ஆவது பிரிவின்கீழ் கொலைக்கு மரண தண்டனை, இல்லையேல் 30 முதல் 40 ஆண்டு சிறை. கடுமையான, திடீர்ச் சினமூட்டல் என்று நிரூபித்தால் வழக்கு 304ஆவது பிரிவுக்கு, அதாவது கொலை ஆகாத மரணம் விளைவித்த குற்றத்துக்கு, இறங்கிவிடும். அதை நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது. நாம் ஏன் அவருக்காக இப்போதே ஊரெல்லாம் பரப்ப வேண்டும்?

அன்றிரவு அவரை வழியில் பார்த்த அண்ணன்மாரே, அக்காமாரே, தயவுசெய்து போலீஸ் நிலையத்துக்குப் போய் வாக்குமூலம் கொடுங்கள். துணைக்கு நான் வருகிறேன்.