அசிர்டிகோ: சாண்டோரினி புளிப்பைச் சென்னையில் காப்பாற்றுவது எப்படி

வெயில் ஏற ஏற திராட்சையில் சர்க்கரை கூடும், புளிப்பு இறங்கும். கிரேக்கத் தீவான சாண்டோரினியில் விளையும் அசிர்டிகோ என்ற வெள்ளை ஒயின் திராட்சை இதற்கு விலக்கு. 13, 14 சதவீத ஆல்கஹால் வருமளவுக்குக் கனிந்த பிறகும் எலுமிச்சைப் புளிப்பு அப்படியே நிற்கும். ரகத்தின் குணம் ஒரு பக்கம். எரிமலைச் சாம்பலும் நுரைக்கல்லும் கலந்த மண்ணில் பொட்டாசியம் குறைவு என்பது இன்னொரு பக்கம். சாற்றில் பொட்டாசியம் மிகுந்தால் டார்டாரிக் அமிலத்தோடு சேர்ந்து உப்பாகப் படிந்து புளிப்பைத் தணித்துவிடும்.

களிமண் ஏறக்குறைய இல்லாத மண் என்பதால், ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த ஃபைலாக்ஸெரா பூச்சியும் அங்கே வேரைத் தொடவில்லை. ஒட்டுக்கட்டாத, சொந்த வேரில் நிற்கும் கொடிகள். நம் கம்பம் பக்கம் போல பந்தல் கிடையாது. கவாத்து செய்யும்போது கொடியைத் தரையோடு வளையமாகச் சுற்றிக் கூடை போலப் பின்னுவார்கள், பெயர் 'குலூரா'. காய் கூடைக்குள் தொங்கும், மணல் வாரியடிக்கும் காற்று அதைத் தாக்காது. மழை அற்பம், கடல் மூடுபனியின் ஈரம்தான் பெரிய துணை. பல பத்தாண்டுகள் கழித்து விளைச்சல் விழுந்தால் கூடையை வெட்டிவிட்டு, அதே வேரிலிருந்து புதுத் துளிர் எடுப்பார்கள்.

லேபிளைப் பார்த்து வாங்குங்கள். 'சாண்டோரினி' என்றிருந்தால் இனிப்பில்லாத வெள்ளை ஒயின். 'வின்சாண்டோ' வெயிலில் காயவைத்த பழத்தில் செய்த இனிப்பு ஒயின். அதை மீனோடு வைத்தால் எடுபடாது. வெளிநாட்டிலிருந்து வருபவர் தீர்வையின்றிக் கொண்டுவரலாம், ஆளுக்கு 2 லிட்டர் வரை.

வந்த பாட்டிலைக் கெடுப்பது நம்ம ஊர் சமையலறை ஷெல்ஃபும் கார் டிக்கியும்தான். சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளும், ஓரத்தில் பிசுபிசுப்பு தெரியும். திறந்தால் நறுக்கிவைத்துக் கறுத்த ஆப்பிள் வாசனை. அதற்கு வைத்தியம் இல்லை. ஃப்ரிட்ஜிலேயே படுக்க வைத்துவிடுங்கள்.

ஆனால் ஃப்ரிட்ஜ் குளிரிலேயே ஊற்றினால் புளிப்பு மட்டும்தான் நாக்கில் நிற்கும். 10 டிகிரி சரியாக இருக்கும். மே மாதச் சென்னையில் பத்து நிமிடம் வெளியே வைத்தாலே போதும். ஒரு தடவைக்கு 75 மில்லி ஊற்றுங்கள், கிளாஸ் நிறைய ஊற்றினால் பாதியிலேயே வெதுவெதுப்பாகிவிடும். பாட்டிலை ஐஸும் தண்ணீரும் சரிபாதி போட்ட வாளியில் வையுங்கள். வெறும் ஐஸ் என்றால் இடைவெளியில் காற்று நிற்கும், குளிர மெதுவாகும்.

தொட்டுக்கொள்ள, காசிமேட்டு வஞ்சிரத்தில் உப்பும் கொஞ்சம் மிளகும் மட்டும் தடவித் தோசைக்கல்லில் போட்டது. மிளகாய்த்தூள் வறுவலோடு வேண்டாம். இந்த அளவு ஆல்கஹால் காரத்தைத் தூக்கிக் காட்டும். மிச்சத்தை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். அதற்கப்புறம் எறா-பூண்டு வதக்கலில் கால் கப் விடலாம்.