பச்சையும் செங்கல் கலரும்

"கலர்ல எடுக்க மாட்டீங்களா கண்ணு?" என்று அந்த அம்மா கேட்டதற்கு, "இந்த வேலைக்குக் கறுப்பு வெள்ளைதானுங்கம்மா" என்றேன். பொய்யில்லை. கோவையில் ஒண்டிப்புதூரிலிருந்து கணபதி வரை மில் தொழிலாளிகள் கட்டிய வீடுகளை அப்படித்தான் படமெடுக்கச் சொல்லியிருந்தார்கள். ஆனால் யோசிக்காமல் சொன்ன அந்த வேகம் இன்னும் உறுத்துகிறது.

அவர் விடவில்லை. "சிலுவாட்டுக் காசுல போன மாசந்தான் பெயிண்ட் அடிச்சமுங்க. செவுரு பச்சை, ஓரமெல்லாம் செங்கல் கலரு. நானே பாத்துச் சொன்னதுங்க." சொல்லிக்கொண்டே ஜன்னல் கண்ணாடியில் காய்ந்திருந்த பெயிண்ட் துளியை நகத்தால் சுரண்டினார். நான் ட்ரைபாடை நிமிர்த்திக்கொண்டிருந்தேன்.

ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேகத்தைக் கொண்டுவந்து மூடியிருந்தது. நிழல் விழாத வெளிச்சம். புகைப்படக் கலைஞர்களான பெர்ன்ட், ஹில்லா பெக்கர் தம்பதியர் 1959 முதல் ஜெர்மனியில் மரச்சட்ட வீடுகளையும் தண்ணீர்க் கோபுரங்களையும் இப்படிப்பட்ட வானத்துக்குக் காத்திருந்துதான் எடுத்தார்கள். கலர் போனால்தான் வீட்டின் உருவம் தெரியும், ஒன்றை இன்னொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். இதை இன்றும் நம்புகிறேன்.

பிலிமைக் கழுவிப் பார்த்தால் சுவரும் ஓரமும் ஒரே சாம்பல். பச்சையும் சிவப்பும் ஒரே அளவு பளிச்சென்று இருந்தால் கறுப்பு வெள்ளைப் பிலிமுக்கு இரண்டும் ஒன்றுதான். லென்ஸுக்கு முன்னால் பச்சை ஃபில்டர் போட்டிருந்தால் சுவர் வெளுத்து, ஓரம் கறுத்து, அவர் பார்த்துச் சொன்ன கோடு அப்படியே நின்றிருக்கும். ஃபில்டர் பையில்தான் இருந்தது. எல்லா வீட்டையும் ஒரே மாதிரி எடுக்க வேண்டும் என்று வைத்திருந்தேன்; அந்தக் கணக்கும் தப்பில்லை. ஆனால் போனில் கலரில் ஒன்று எடுத்துக் காட்ட அரை நிமிஷம் ஆகுமா?

1975ல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில், புறநகர் வீடுகளும் வெற்று நிலங்களுமாக ஒரு புகைப்படக் கண்காட்சி நடந்தது. 10 பேரில் ஸ்டீபன் ஷோர் மட்டும்தான் கலர். மற்ற 9 பேரைச் சொல்லியே இத்தனை நாள் வாதாடியிருக்கிறேன். இப்போது அந்த ஒருவரைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

பிரிண்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "வூடு நல்லாத்தான் இருக்குதுங்க." பிறகு ஓரிடத்தில் விரலை வைத்து, "இது செங்கல் கலருங்களா?" என்றார்.

"ஆமாங்கம்மா" என்றேன். விரல் வைத்த இடம் சுவரா ஓரமா என்று எனக்கே தெரியவில்லை.