கரைக்குக் கீழே 211 வீடுகள்

கடந்த கார்த்திகை மழையின்போது எங்கள் ஏரிக்கரையின் அடியில் ஈரம் படரத் தொடங்கியது. தாம்பரத்துக்கு மேற்கே, ஒரு காலத்தில் நெல் விளைந்த ஆயக்கட்டில், அதாவது ஏரிநீர் பாய்ந்த நிலத்தில்தான், எங்கள் தெரு இருக்கிறது. மழைநீர் தேங்கியிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். மழை விட்டு நான்கு நாளாகியும் அது காயவில்லை.

எதிர்வீட்டு ஐயா பாசனப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். "கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு வாம்மா" என்றார். அதை ஜன்னலோரம் வைத்தோம். ஒரு மணி நேரத்தில் அடியில் அரிசி மாவு போல வண்டல் படிந்திருந்தது. "தெளிந்த நீர் கசிந்தால் கவனித்துக்கொண்டிருக்கலாம். கலங்கி வந்தால் கரை உள்ளுக்குள் அரிக்கிறது" என்றார். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

மறுநாளே மனு கொடுத்தேன். கரை 4 மீட்டர் உயரம்தான், 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அது உண்மைதான். 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளும், 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் நீளம், கொள்ளளவு போன்ற நிபந்தனைகளில் ஒன்றுக்காவது பொருந்துபவையும்தான் அதில் வரும். செம்பரம்பாக்கம் ஏரி அதன் முழு மட்டமான 24 அடியை நெருங்கினால் ஊரே பேசுகிறது. எங்கள் ஏரியின் மட்டத்தை யார் பார்க்கிறார்கள்?

ஐயா சொன்ன ஒன்று என் மனுவையே மாற்றியது. அபாய வகைப்பாடு என்பது கரை பலமா பலவீனமா என்பதைப் பற்றியதே அல்ல. உடைந்தால் கீழே யாருக்கு என்ன ஆகும் என்பதைப் பற்றியது. கீழே வயல் மட்டும் இருந்தவரை பயிர்தான் போகும். இன்று பிள்ளைகள் தூங்குகிறார்கள். கரை ஓர் அங்குலம்கூட உயரவில்லை, அபாயம் மட்டும் உயர்ந்துவிட்டது.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் நடந்து எண்ணினோம். 211 வீடுகள், ஓர் அங்கன்வாடி, தரையோடு தரையாக ஒரு டிரான்ஸ்பார்மர். உபரிநீர் வெளியேறும் கலங்கலை ஒரு சுற்றுச்சுவர் பாதி மறைத்திருந்தது. நீர் கலங்கல் வழியாகப் போக முடியாமல் கரையின் மேல் வழிந்தால் மண்கரை சில மணி நேரம்கூடத் தாங்காமல் போகலாம். 2015 வெள்ளத்தில் தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூர் மூழ்கியதைப் பார்த்தவர்கள் நாங்கள். வீட்டுக் கணக்கு, வரைபடம், பாட்டிலின் படம் எல்லாவற்றையும் இணைத்து இரண்டாம் மனு கொடுத்தேன். முதல் மனு என்ன ஆனது என்று, 10 ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்டேன்.

மூன்றாவது வாரம் உதவிப் பொறியாளர் வந்தார். கரையில் முன்பு வெட்டிய ஒரு மரத்தின் வேர் உள்ளே மக்கி, நீருக்கு வழி விட்டிருந்தது. கசிவு வாயை மண் போட்டு அடைக்கவில்லை; அடைத்தால் நீர் வேறு இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். முதலில் மணல், அதன் மேல் சிறு ஜல்லி, பிறகு பெரிய ஜல்லி என்று அடுக்கினார்கள். நீர் வெளியேறும், மண் உள்ளேயே நிற்கும். நீர் இறங்கிய பிறகு, பங்குனியில், வேர்ப்பகுதியைத் தோண்டிக் களிமண் இட்டு அடுக்கடுக்காகக் கெட்டித்தார்கள்.

இந்த மழையிலும் வாரம் ஒருமுறை பாட்டிலில் பிடிக்கிறோம். நேற்றைய நீரை இரவு முழுக்க வைத்தும் அடியில் ஒன்றும் படியவில்லை. கலங்கலை மறைக்கும் சுவர் மட்டும் அப்படியே நிற்கிறது. அதற்காகத் திங்கட்கிழமை மறுபடியும் போகிறேன்.